பட்டிக்கு வாங்கிய நாலுசில்லு

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அந்த மறியாடு எழுந்து நின்றுகொண்டிருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. பின்தொடை கிழிந்து தொங்குகிறது, குடல் புல்லில் இழுபடுகிறது, அது ஒன்றும் நடக்காதது மாதிரி வெறும் வாயை மென்றுகொண்டு நிற்கிறது. கொம்பைப் பிடித்துத் தலையைப் பின்னால் மடக்கி, இடுப்புக் கத்தியால் ஒரே இழுவையில் முடித்தேன். இரண்டாவது இழுவை நான் எந்த ஆட்டுக்கும் போட்டதில்லை. என்னோடு இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவர்கள் ஸ்காபரோவில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

மேட்டுக்கு மேலே மூன்று கொயோட்டிகள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நாயும் நரியும் ஓநாயும் சேர்ந்த ஒரு சாதி அது. வாயெல்லாம் இரத்தம். கல்லால் எறிந்தேன். ஒன்று எழும்பி நாலடி தள்ளிப்போய்த் திரும்பவும் உட்கார்ந்தது. இந்தக் கிழவனுக்கு மூச்சு வாங்குகிறது, இவன் போகட்டும் என்று அதுகள் பேசிக்கொண்டது போல இருந்தது. அப்போது நான் கிழவனுமில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கனடாவுக்கு வந்து டோர்செட் பார்க் தொடர்மாடியில் ஆறு பேரோடு ஓர் அறையில் படுத்து, மாட்டுத் துண்டுகளைக் கொளுக்கியில் தூக்கி மாட்டும் வேலை செய்தேன். இரண்டு ஆள் தூக்கும் துண்டை நான் ஒருவனாகத் தூக்குவேன். சண்டியன் என்று போர்மன் எனக்குப் பட்டம் வைத்திருந்தான், அதாவது அந்த அர்த்தம் வரும் ஓர் ஆங்கிலச் சொல். அந்த உடம்பை வைத்துத்தான் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி வடக்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் காணியைக் குத்தகைக்கு எடுத்து ஆட்டுப் பண்ணை போட்டேன். ரொறொன்ரோவில் அப்போது நம் சனங்களுக்கு நல்ல ஆட்டிறைச்சி கிடையாது. எங்கிருந்தோ உறைந்து வந்த கல்லைத்தான் கடைகளில் வெட்டி விற்றார்கள். அதை மாற்றியவன் நான். எனக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், அது வேறு கதை.

பாதிப் பங்கு மனைவியின் தமையனுடையது. எனக்கு மச்சான், என் வயதுக்காரன், ஊரில் மோட்டார் சைக்கிளில் பறந்து திரிந்தவன். துணிவு இருந்தது, பொறுமை இல்லை. ஒவ்வொரு நாளும் விடிய இருவரும் ஒரு பழைய வான் வண்டியில் நகரத்திலிருந்து பண்ணைக்குப் போவோம்.

காணியின் பின்பக்கம் ஒரு பெரிய மேடு, மேட்டுக்கு அப்பால் சரிவு, சரிவுக்குக் கீழே ஓடை. நல்ல புல் அங்கேதான். மழை வந்தால் ஓடை பெருகி வேலியை அடித்துக்கொண்டு போகும், அந்த வழியால் கொயோட்டிகள் வரும். கொட்டிலில் நிற்கும் எங்களுக்கு ஆடு கத்துவது கேட்கும். ஓடிப்போய் மேட்டில் ஏறுவதற்குள் கத்தல் நின்றுவிடும். கிழவரின் உழவு இயந்திரம் நடையைவிட மெதுவாகப் போகும். அதுகளைச் சுடத் துவக்கு வைத்திருக்க என் மனைவி விடவில்லை. ஊரில் அவள் கண்டது போதும், வீட்டுக்குள்ளும் வேண்டாம், வானுக்குள்ளும் வேண்டாம் என்றுவிட்டாள். அதில் நான் அவளோடு வாதாடவில்லை.

அன்று அந்த மறியாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கொட்டில் வாசலில் இறக்கினேன். மச்சான் அதைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

"இந்தக் கிழமை இது எத்தினையாவது?"

"எண்ணாதை. எண்ணினால் விசர் பிடிக்கும்."

"மச்சான், நான் சொல்லுறதைக் கேள். தீபாவளிக்கு உந்த ஆடுகள் நிண்டால் நானும் நிப்பன். இல்லையெண்டால் என்ரை பங்கை வித்துப்போட்டு ஃபாக்டரிக்குப் போறன். நரிக்குத் தீன் போட நான் கனடாவுக்கு வரேல்லை."

அவன் போனால் பண்ணை முடிந்தது. கிழவர் இரண்டு பேரின் கையெழுத்தில்தான் காணி தந்திருந்தார். எனக்கோ திரும்பவும் கொளுக்கிக்குக் கீழே போய் நிற்பதைவிடச் செத்துவிடலாம் போல இருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"ஓடிப் போறதாலைதான் பிந்துறம்," என்றேன். "ஏறிப் போவம். நாலுசில்லு ஒண்டு எடுப்பம்."

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரிடமும் அது இருந்தது. மோட்டார் சைக்கிள் மாதிரிக் கைபிடி, கொழுத்த ரயர்கள் நாலு. சேறு, பனி, மேடு, பள்ளம் எதையும் அது பார்க்காது.

பண்ணைச் சாமான்கள் விற்கும் முற்றம் ஒன்று பெருந்தெருவோரம் இருந்தது. அதை நடத்தியவள் ஒரு வெள்ளைக்காரி, என் தலைக்கு மேலே நிற்கும் உயரம். ஒரு காது பாதிதான் இருந்தது. எருது கிழித்ததாம். அவளே சொன்னாள், நாங்கள் கேட்கவில்லை. முற்றத்தில் இரண்டு நாலுசில்லு விற்பனைக்கு நின்றன. ஒன்று சிவப்பு, மெல்லிய உடம்பு, பார்க்கவே பாயப்போவது மாதிரி. மற்றது பச்சை, பாரம், முன்னும் பின்னும் சாமான் கட்டக் கம்பித்தட்டு.

மச்சான் நேரே சிவப்பில் ஏறிவிட்டான். முற்றத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான். கல்லுகள் பறந்தன, அவளுடைய நாய் குரைத்துக்கொண்டு பின்னால் ஓடியது. வந்து நிறுத்தினபோது அவன் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

"இதுதான் மச்சான். நரி கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ளை போய் நிப்பம். உந்தப் பச்சை கிழடுகள் ஓடுற சாமான்."

நான் பச்சைக்குக் கீழே மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். நாலு சில்லும் இழுக்கிறது. கீழ்க்கியர் ஒன்று தனியாக இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய எதையும் எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் இரும்பைப் பார்த்தால் அது என்ன செய்யும் என்று தெரியும்.

"ஓடுறது ஒரு வேலையே? ஏற வேணும், இழுக்க வேணும். இறங்கின சரிவிலை திரும்பி ஏறுறது ஆர்? நீ தள்ளுவியோ?"

"இழுக்கிறதெண்டால் மாடு வாங்கு."

வாய்ச் சண்டை பெரிதாகப் போனது. அவன் என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். நான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வானில் கிடந்த கயிற்றை எடுத்துச் சிவப்பின் வாலையும் பச்சையின் வாலையும் சேர்த்துக் கட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு நாயைப் பிடித்துக் கட்டினாள். கட்டிவிட்டு, சரி, இழுங்கள் என்று கையைக் காட்டினாள்.

மச்சான் சிவப்பில், நான் பச்சையில். முதுகுக்கு முதுகு. அவள் கையைத் தட்டினதும் இரண்டு பேரும் முறுக்கினோம்.

சிவப்பு கத்தின கத்தலில் காது அடைத்தது. அதன் பின்சில்லுகள் சரளைக் கல்லைத் தோண்டித் தோண்டி எறிந்தன. ஒரு கல் என் பிடரியில் பட்டுத் தோல் கிழிந்தது. இன்னொன்று அவள் கணக்குப் பார்க்கும் கந்தோர் அறையின் கண்ணாடியை நொறுக்கியது. நான் கீழ்க்கியரில் போட்டு, ஆடாமல், முன்னால் குனிந்து இருந்தேன். பச்சை ஒரு எருமை நடப்பது மாதிரி நடந்தது. மச்சானையும் சிவப்பையும் அவன் கத்தலையும் சேர்த்து வாசல்வரை பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் பிரேக்கை அமத்தினான், அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் கயிறு அறுந்து அவன் கைபிடியில் முகத்தை அடித்தான். உதடு வெடித்து இரத்தம் கொட்டியது.

"விசரா, பல்லு ஆடுது," என்றான் துப்பிவிட்டு.

"நரிக்கு ஆடாது. எழும்பு."

அப்படித்தான் பச்சையை எடுத்தோம். இந்த நாட்டில் ஒருவரும் நாலுசில்லை இப்படிச் சோதித்து வாங்கியிருக்க மாட்டார்கள். அவள்கூட உடைந்த கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொன்னாள். பச்சையின் சீற் நீளம். மச்சான் வாய் இரத்தத்தைத் துடைத்துவிட்டு எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து இடுப்பைப் பிடித்தான். ஊரில் வேறு எப்படி ஏறுவது? ஒரு மோட்டார் சைக்கிளில் ஒரு ஆளாகப் போகிறவனை யாழ்ப்பாணத்தில் நான் கண்டதில்லை. ஒருவனாகப் போனால் வீட்டில் சண்டையோ என்று கேட்பார்கள். சீற் நீளமாக இருந்தால் அது பின்னால் இருப்பவனுக்கு என்பதுதான் எங்கள் கணக்கு. அவள் வந்து மச்சானைப் பின்கழுத்தில் பிடித்து, ஆட்டுக் குட்டியைத் தூக்குவது மாதிரித் தூக்கி நிலத்தில் நிறுத்தினாள். பிறகு தானே ஏறி, பின்பக்கத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தூக்கித் தூக்கிப் போட்டுக் காட்டினாள். சரிவில் போகும்போது ஓட்டுகிறவன் மேட்டுப் பக்கம் சாய வேண்டும், முன்னும் பின்னும் நகர வேண்டும், அதற்குத்தான் சீற் நீளம். ஆள் ஏற்ற அல்ல.

"என்ன சொல்லுறாள்?" என்றான் மச்சான்.

"ஒராள்தான் ஏறலாமாம்."

"வெள்ளையள் அப்பிடித்தான். கார் கிடந்தாலும் ஒராள்தான் போவினம்."

ஓம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தோம். பண்ணையில் இறக்கின அன்றே நான் முன்னால், அவன் பின்னால்.

இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் வரும் சத்தம் கேட்டாலே அதுகள் ஓடைக்கு அப்பால் போய்விடும். மச்சான் பின்னால் இருந்து கோடரிப் பிடியைத் தூக்கிக்கொண்டு கத்துவான். ஊரில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தது. பங்கை விற்கிற கதையை அவன் எடுக்கவே இல்லை. ஆடுகள் தசை போட்டன. கடைக்காரர்கள் வந்து முதுகைத் தடவிப் பார்த்துச் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள்.

தீபாவளிக்கு முந்தின கிழமை மழை விடாமல் பெய்தது. மழை விட்ட அன்று காலை, நாங்கள் தீன் போட்டுக்கொண்டிருக்க, ஓடைப் பக்கம் ஆடுகள் கத்தின. ஓர் ஆடு கத்தும் கத்தல் அல்ல அது. முழுப் பட்டியும் கத்தியது. நான் பச்சையில் ஏற, மச்சான் கோடரிப் பிடியோடு பின்னால் பாய்ந்தான். மேட்டுச்சியில் நின்று பார்த்தோம். வேலி போய்விட்டது. ஓடைக்கரை மூலையில் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நெரிபட்டு நிற்க, கொயோட்டிகள் உள்ளே புகுந்து கடித்துக்கொண்டிருந்தன. ஒன்று கிடாய் ஒன்றின் தொண்டையில் தொங்கிக்கொண்டு நின்றது.

"விடு, விடு, நேரை விடு," என்று மச்சான் என் முதுகில் குத்தினான்.

நேரே இறங்கினால் தலைகீழாகப் போகும். குறுக்காக வெட்டி இறக்கினேன். மழையில் ஊறின இலைகள், அதற்குக் கீழே களிமண். பச்சை பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியது. நான் மேட்டுப் பக்கம் சாய்ந்தேன், அவள் காட்டின மாதிரியே சாய்ந்தேன். மச்சானோ மோட்டார் சைக்கிளில் பழகினவன். பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனை இறுக்கிப் பிடித்து வண்டி சாய்கிற பக்கமே சாய வேண்டும் என்பது அவனுடைய உடம்பில் ஊறிப்போனது. என் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தான்.

"அங்காலை சாயடா," என்று நான் கத்தி முடிக்கவில்லை.

வானம் ஒருமுறை கீழே வந்து போனது. என்னை ஒரு மரக்கட்டை முதுகில் பிடித்து நிறுத்தியது. எழும்பிப் பார்த்தால், பச்சை தலைகீழாகக் கிடந்து சில்லுகள் வானத்தைப் பார்த்துச் சுற்றுகின்றன. மச்சான் அதற்குக் கீழே. கம்பித்தட்டு அவன் தொடையை அமத்திக்கொண்டிருந்தது. கால் முழங்காலுக்கு மேலே, மடியக் கூடாத இடத்தில் மடிந்து கிடந்தது. அவன் கத்தவில்லை. வாயைத் திறந்து மண்ணைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சாமான் ஒரு பசு மாட்டின் பாரத்தில் பாதி இருக்கும். நான் கம்பித்தட்டுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, முழங்காலை மடக்கி, கொளுக்கிக்குத் தூக்கும் மாதிரித் தூக்கினேன். இடுப்பில் ஏதோ அறுந்தது. இன்றைக்கும் மழை வந்தால் அந்த இடம் எனக்குச் சொல்லும். பச்சை உருண்டு மற்றப் பக்கம் விழுந்து சில்லில் நின்றது. எஞ்சின் நின்றிருந்தது.

மச்சானிடம் குனிந்தேன். அவன் என் முகத்தில் கையால் அறைந்தான்.

"என்னைப் பாக்காதை. அங்கை பார். தின்னுதுகள்."

"உன்ரை கால்..."

"கால் எங்கை போகுது? போடா."

கோடரிப் பிடியை எடுத்துக்கொண்டு ஏறி உதைத்தேன். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. இப்போது பின்னால் ஒருவருமில்லை. எழுந்து நின்று, மேட்டுப் பக்கம் உடம்பைப் போட்டு, கீழ்க்கியரில் இறக்கினேன். வழுக்கவில்லை. கிடாயின் தொண்டையில் தொங்கின கொயோட்டிக்குப் பசி என்னைவிடப் பெரிதாக இருந்தது, அது விடவில்லை. அதன்மேல் ஏற்றினேன். முன்சில்லு ஏறி இறங்கியது, பின்சில்லு ஏறி இறங்கியது. முதுகு உடைந்த சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. அது முன்னங்காலால் நிலத்தைப் பிறாண்டிக்கொண்டு என் கால் சப்பாத்தைக் கடிக்க வந்தது. கோடரிப் பிடியால் மண்டையில் அடித்தேன், அது கடிப்பதை நிறுத்தும்வரை அடித்தேன், நிறுத்தின பிறகும் அடித்தேன். பிடி முறிந்தது. மற்றவை ஓடையைத் தாண்டிப்போய் நின்று பார்த்தன. முறிந்த துண்டோடு தண்ணீருக்குள் இறங்கி அதுகளைப் பார்த்து நான் போட்ட சத்தம் மனுசச் சத்தமல்ல. அதன் பிறகுதான் காட்டுக்குள் போயின.

மச்சானை மேலே கொண்டுபோக வேண்டும். கையில் கொண்டுதிரியும் ரெலிபோன் எல்லாம் பணக்காரரிடம் இருந்த காலம். கொட்டிலில்தான் ரெலிபோன். அவனைத் தனியே விட்டுப் போனால் அதுகள் இரத்த வாடைக்குத் திரும்பி வரும். திரும்பவும் பின் சீற்றில் ஏற்ற நான் விசரனில்லை. பின்தட்டில் தீன் மூடும் படங்கு ஒன்று எப்போதும் கட்டியிருக்கும். அதை விரித்து, முறிந்த பிடியைக் காலோடு வைத்துச் சட்டையைக் கிழித்துக் கட்டி, அவனை உருட்டிப் போட்டேன். அப்போதுதான் கத்தினான். என் பரம்பரையையே இழுத்துக் கத்தினான், அதில் அவனுடைய தங்கச்சியும் பிள்ளைகளும் சேர்த்தி. படங்கைப் பின்னால் கொளுவி, கீழ்க்கியரில், நடையைவிட மெதுவாக ஏறினேன்.

"செத்த ஆடு மாதிரி இழுக்கிறாய்," என்றான் நடுவழியில்.

"செத்த ஆடு கதையாது. வாயை மூடு."

ரெலிபோனில் கூப்பிட்டு வந்த அம்புலன்ஸ்காரர்கள் அவனை அசைத்ததற்கு என்னைத் திட்டினார்கள். கொயோட்டிகள் நிற்கிற ஓடைப் பக்கம் கையைக் காட்டினேன். பிறகு திட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மனைவி வந்தாள். நடைபாதையில் எல்லோரும் பார்க்க, கைப்பையால் என் தலையில் அடித்தாள். பைக்குள் என்ன வைத்திருந்தாளோ தெரியாது, முற்றத்தில் கல் பட்டு ஆறின பிடரிக் காயம் திரும்பவும் திறந்தது.

"என்ரை தமையனைக் கொல்லவோ கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"நான்தானே இழுத்துக்கொண்டு வந்தன்."

"நாளைக்கே விக்கிறியள். ஆடும் வேண்டாம், மாடும் வேண்டாம், உந்தச் சனியன் பிடிச்ச சாமானும் வேண்டாம்."

அவனைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனதும் பண்ணைக்குத் திரும்பினேன். காணிக்காரக் கிழவர் ஆடுகளுக்குக் காவலாக வேலியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கடிபட்டவற்றில் பிழைக்காதவை இரண்டு. தொண்டை கிழிந்த கிடாய் தானாகவே முடிந்திருந்தது. மற்ற இரண்டையும் ஒவ்வோர் இழுவையில் அனுப்பினேன். மற்றவற்றின் காயங்களுக்கு மருந்து பூசி, கொட்டிலுக்குள் அடைத்து, செத்த கொயோட்டியை இழுத்துப்போய் வேலி அறுந்த இடத்தில் போட்டேன். மிச்சமுள்ளவை வந்து பார்க்கட்டும் என்று.

அடுத்த நாள் போனபோது மச்சான் கண் விழித்திருந்தான். காலுக்குள் இரும்பு வைத்து மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினை போச்சு?" என்றான்.

"மூண்டு."

"முழுப் பட்டியிலும்?"

"முழுப் பட்டியிலும்."

கண்ணை மூடினான். நித்திரையாகிவிட்டான் என்று நினைத்தேன். எனக்குத் தெரியும், அவன் வாயிலிருந்து வரப்போகிற சொல்லில்தான் என் பண்ணை கிடக்கிறது என்று.

"சிவப்பெண்டால் என்னை மேலை இழுத்திருக்குமே?"

"உன்ரை காலை மட்டும் இழுத்திருக்கும்."

சிரித்தான். சிரித்ததில் கால் அசைந்தது, நோவில் முகம் கறுத்தது. கையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்து என்மேல் எறிந்தான். நெஞ்சில் பட்டு உடுப்பெல்லாம் நனைந்தது.

"அண்ணை, விக்கச் சொல்லிச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி. "இந்த மனிசனுக்கு நான் சொல்லி ஏறாது."

"விக்கிறதோ?" என்றான் அவன். "என்ரை காலைக் குடுத்து வைச்சிருக்கிற பட்டியை ஆருக்கடி விக்கிறது?"

அவள் கைப்பையைத் தூக்கினாள். நான் விலகினேன். இம்முறை அது கட்டில் கம்பியில் பட்டது. அவள் அழுதுகொண்டு வெளியே போனாள், அவன் என்னைப் பார்த்தான்.

"என்ன நிண்டு முழுசுறாய்? தீபாவளிக்கு ரெண்டு நாள் கிடக்கு. வேலியைக் கட்டினனியோ?"

கட்டவில்லை. உடனே புறப்பட்டேன். அன்று முழுவதும் தனியாக நின்று கம்பி இழுத்தேன், உள்ளங்கை கிழிந்து கம்பியெல்லாம் இரத்தம். பொழுதுபடுவதற்குள் கட்டி முடித்தேன்.